பெரியப்பாவின் ஆறு கம்பி பேஸ்: தடித்த ஈ கம்பி தொளதொளவென்று இருக்கிறது, என்ன செய்யலாம்?

செந்தூல்காரன்:

வணக்கம். நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன், வார நாளில் அலுவலகம், வார இறுதியில் ஒரு மெல்லிசைக் குழுவில் நாலு கம்பி பேஸ். கல்யாண விருந்து, கோயில் திருவிழா என்று மாதத்துக்கு மூன்று நான்கு நிகழ்ச்சி வரும். பேஸ் எனக்குப் புதிதில்லை, ஆனால் இப்போது கைக்கு வந்திருக்கும் வாத்தியம் பிடிபடவே மாட்டேன் என்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா போன வருடம் தவறிவிட்டார். அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் பட்டர்வொர்த் பக்கம் ஒரு பேண்டில் வாசித்தவர். ஆஸ்திரேலிய விமானப்படை அங்கே தளத்தில் இருந்த காலம். ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் ஆஸ்திரேலியரிடம் வாங்கியதாகச் சொல்வார். அதற்கப்புறம் பல வருடம் புக்கிட் மெர்தாஜாம் வீட்டில் அலமாரிக்கு மேலேயே கிடந்தது. தீபாவளிக்குப் போனபோது பெரியம்மா பெட்டியை இறக்கி, "நீதானே வாசிக்கிற, நீயே வச்சுக்கய்யா" என்று கொடுத்துவிட்டார்.

உள்ளே இருந்தது ஃபெண்டர் பேஸ் சிக்ஸ். கம்பியின் அதிர்வை ஆம்புக்கு அனுப்பும் பிக்கப் மூன்று, சுருதியை அசைக்கும் ட்ரெமோலோ கை, கீழ்ப்பக்கத் தகட்டில் நகர்த்துகிற மாதிரி சின்ன ஸ்விட்ச் நான்கு. கம்பிகள் துருப்பிடித்து நிறமே மாறியிருந்தன. மரத்துக்கு எந்தச் சேதமும் இல்லை, பெயின்ட் மட்டும் அங்கங்கே நுண்ணிய விரிசல் விட்டிருக்கிறது.

முதலில் ஒரு தப்பு செய்தேன். கோலாலம்பூரில் ஒரு கடைக்குப் போய் ஆறு கம்பி பேஸுக்குக் கம்பி வேண்டும் என்று கேட்டேன். அவர்கள் கொடுத்த செட்டில் தடித்த கம்பியே 130 (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). கழுத்து நுனியில் கம்பி உட்காரும் நட் பள்ளத்தில் உட்காரவில்லை, ட்யூனிங் கட்டையின் துளையில் நுழையவும் இல்லை, 140 வெள்ளி போனது. அப்புறம் இணையத்தில் தேடி 24 முதல் 84 வரை உள்ள செட்டை வரவழைத்து மாட்டினேன். சாதாரண கிட்டார் மாதிரியே ஈ ஏ டி ஜி பி ஈ, ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. இதுவரை சரிதானே?

இப்போது பிரச்சினை இதுதான். மேல் ஐந்து கம்பிகளும் அருமையாகப் பேசுகின்றன, அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பெரியப்பா ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் வாசிக்காமல் உட்கார்ந்துவிட்டேன். தடித்த ஈ மட்டும் தொளதொளவென்று ஆடுகிறது. நாலு கம்பி பேஸில் அடிக்கிற மாதிரி அடித்தால் கழுத்தின் குறுக்குப் பட்டையில், அதாவது ஃபிரெட்டில், மோதிக் கரகரக்கிறது, சுருதியும் முதலில் மேலே ஏறி அப்புறம் இறங்குகிறது. பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சாடிலைக் கடைசிவரை பின்னால் தள்ளியும் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் 20 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடுதலாகக் காட்டுகிறது. பிரிட்ஜ் பக்கம் வேறு ஒரு சன்னமான இரைச்சல்.

இன்னும் தடித்த கம்பி போடலாமா? பேசாமல் ஏ முதல் ஏ வரை ஏற்றிச் சுருதி வைத்துவிடலாமா? நண்பர் ஒருவர் பிரிட்ஜை எடுத்துவிட்டுப் புதிது போடு, நட்டை அகலமாக அரத்தால் ராவு, அப்படியே புதுப் பெயின்டும் அடித்துவிடு என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


தீவுத்தந்தி:

தம்பி, முதலில் அந்தப் பெயின்ட் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். பழைய பூச்சோடு இருக்கிற பேஸ் சிக்ஸ் நம் ஊரில் கண்ணில் படுவதே அபூர்வம். அந்த விரிசலும் கறையும் அறுபது வருடத்தில் வந்தவை, திரும்பக் கிடைக்காது.

நான் பினாங்கு ஜார்ஜ்டவுன்காரன், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தி ஆலிகேட்ஸ் இசைக்குழு கிளம்பிய ஊர் இது. அந்தக் காலத்தில் இங்கே தெருவுக்கு ஒரு பேண்ட் இருந்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. பட்டர்வொர்த் பக்கமிருந்து ஃபெரியில் வருகிறவர்கள் கையில் அவ்வப்போது நாங்கள் பார்த்திராத வாத்தியம் இருக்கும். பேஸ் சிக்ஸ் ஒன்றை நானும் இரண்டு வருடம் கடன் வாங்கி வாசித்திருக்கிறேன், அதனால் நீங்கள் சொல்கிற ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த வலிதான்.

கடைக்காரர் கொடுத்த 130 செட் வேறு வாத்தியத்துக்கானது. இன்று ஆறு கம்பி பேஸ் என்றால் கடையில் புரிந்துகொள்வது பி ஈ ஏ டி ஜி சி என்று வைக்கிற, கழுத்து அகலமான பேஸை. அந்த வகைக்கு வழி திறந்தவர் பேஸ் கலைஞர் ஆண்டனி ஜாக்சன், 1975இல் வாத்தியம் செய்கிற கார்ல் தாம்ப்சனிடம் சொல்லிச் செய்ய வைத்தார். உங்களிடம் இருப்பது அதற்கு முந்தின பரம்பரை. 1956இல் டேன்எலக்ட்ரோ கம்பெனி முதலில் கொண்டுவந்தது, 1961இல் ஃபெண்டர் தன்னுடையதை வெளியிட்டது, 1975இல் நிறுத்திவிட்டது. கிட்டாரை அப்படியே ஒரு ஸ்தாயி கீழே இறக்கியதுதான் இது. இனி வாங்கும்போது பேஸ் சிக்ஸ் கம்பி என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

நான்கு ஸ்விட்ச் இருப்பதால் உங்களுடையது 1963க்கு அப்புறம் வந்தது. அதற்கு முன் மூன்றுதான். மூன்று ஸ்விட்ச் மூன்று பிக்கப்புக்கு, நான்காவது கீழ்ச்சத்தத்தை வெட்டுவதற்கு. அதைப் போட்டால் ஒலி மெலிந்து கிட்டார் மாதிரி கேட்கும். ஏதோ பழுது என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள். எல்லா ஸ்விட்சையும் பத்து இருபது தடவை நகர்த்திப் பாருங்கள், உள்ளே பச்சை பிடித்திருக்கும். சத்தம் விட்டுவிட்டு வந்தால் மின்னணுச் சாமான் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு போதும். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெயை உள்ளே அடிக்காதீர்கள்.

இனி அந்த ஈ கம்பி. அது தொளதொளவென்று இருப்பது பழுது இல்லை தம்பி, அதன் பிறவிக் குணம். நீங்கள் பழகிய நாலு கம்பி பேஸில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் 34 அங்குலம், இதில் 30. ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு இழுத்தாலும் நீளம் குறைந்தால் இழுவிசை அதன் வர்க்க விகிதத்தில் குறையும். 30ஐ 34ஆல் வகுத்து வர்க்கம் எடுத்துப் பாருங்கள், 0.78 வரும். அதற்கு மேல் நீங்கள் பழகிய கம்பி 105, இதில் போட்டிருப்பது 84. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கைக்குப் பழகின இறுக்கத்தில் ஏறத்தாழப் பாதிதான் இங்கே இருக்கிறது. பாதி இறுக்கத்தில் இருக்கிற கம்பியை முழு பலத்தோடு அடித்தால் ஆடத்தான் செய்யும், சுருதி மேலே போய்த்தான் இறங்கும்.

அதனால் முதல் மருந்து கையில்தான். விரலால் இழுப்பதை விடுங்கள், இதில் கம்பிகள் நெருக்கமாக இருக்கின்றன, விரல் நுழைய இடமில்லை. கம்பியை மீட்டும் சின்னத் தகடான பிக், ஒரு மில்லிமீட்டர் தடிமனில் எடுங்கள், மணிக்கட்டைத் தளர்த்துங்கள், அடிக்க வேண்டாம், கம்பியைத் தொட்டு விட்டால் போதும். ஆம்பில் சத்தத்தை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் இப்படி வாசித்துவிட்டு வந்து சொல்லுங்கள், அதற்கு முன் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டாம்.

உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் பக்கம் கம்பிமேல் லேசாக வைத்து, பின் பிக்கப்பை மட்டும் போட்டு வாசித்துப் பாருங்கள். டிக் டிக் என்று நறுக்கு நறுக்காக வரும். அமெரிக்காவின் நாஷ்வில்லில் இதையே டிக்-டாக் பேஸ் என்று ஒரு தனி வேலையாக வைத்திருந்தார்கள். டபுள் பேஸ் கீழே போகிற அதே வரியைக் கூடவே இதில் வாசிப்பார்கள், ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு முனை கிடைக்கும். ஹரோல்ட் பிராட்லி அதில் பேர்போனவர். கிரீம் பேண்டின் தொடக்க காலத்தில் ஜாக் புரூஸ் பேஸ் சிக்ஸ்தான் வைத்திருந்தார், தி கியூர் பேண்டின் ராபர்ட் ஸ்மித் கையில் இன்றும் பார்க்கலாம். இவர்கள் வாசித்ததைக் கேட்டுப் பாருங்கள்.


பட்டறைப்பையன்:

பிரிக்பீல்ட்ஸில் கிட்டார் பழுது பார்க்கிறேன். தீவுத்தந்தி ஐயா கையைப் பற்றிச் சொன்னதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன், ஆனால் 20 சென்ட் கூடுதலாக இருப்பதையும் பிரிட்ஜ் இரைச்சலையும் கை சரிசெய்யாது. அதற்கு வேலை இருக்கிறது, எல்லாமே திரும்ப மாற்றக்கூடிய வேலைதான், எதையும் வெட்ட வேண்டியதில்லை.

இரைச்சலை முதலில் எடுத்துக்கொள்வோம். இந்த பிரிட்ஜ் உடம்பில் திருகி இறுக்கப்பட்டதில்லை, இரண்டு குழிகளில் நின்று முன்னும் பின்னும் ஆடும். கம்பி அதை எவ்வளவு அழுத்துகிறதோ அந்த அளவுக்குத்தான் அது அடங்கி இருக்கும். உங்கள் கம்பி தளர்வு, பிரிட்ஜைத் தாண்டிப் போகும் கோணமும் சின்னது, அதனால் அழுத்தம் போதவில்லை. கழுத்து உடம்பில் உட்காரும் பள்ளத்தில் பின் ஓரமாக ஒரு மெல்லிய மரச்சீவல் வைத்தால் கழுத்து லேசாகப் பின்னால் சாயும், அதற்கேற்ப பிரிட்ஜை உயர்த்தலாம், கோணம் கூடும், இரைச்சல் பெரும்பாலும் அதோடு நிற்கும். அவசரத்துக்கு ஒரு முகவரி அட்டையை நறுக்கி வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். ஏற்கெனவே உள்ளே ஏதாவது வைத்திருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள், தொழிற்சாலையிலேயே வைத்ததாக இருக்கலாம்.

கழுத்தைக் கழற்றும்போது இரண்டு விஷயம். அடியில் தேதி முத்திரை இருக்கிறதா பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். அப்புறம் கழுத்தின் வளைவைச் சரிசெய்கிற, உள்ளே ஓடும் இரும்புச் சட்டமான டிரஸ் ராடின் திருகும் அங்கேதான், கழுத்தின் அடி நுனியில், மாட்டியிருக்கும்போது எட்டாது. 84 செட்டுக்குக் கழுத்து வளைந்திருந்தால் அந்த நேரத்திலேயே கால் சுற்று திருகுங்கள், மாட்டுங்கள், கம்பியை இழுங்கள், ஒரு நாள் விடுங்கள், பிறகு பாருங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் போகாதீர்கள். வருடக்கணக்கில் அசையாத திருகு, கடினமாக இருந்தால் நிறுத்திவிட்டு யாரிடமாவது கொண்டு போங்கள்.

சாடில் திருகுகளுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு சாடிலிலும் உயரத்துக்கு இரண்டு பொடித் திருகு இருக்கும், அதிர்வில் அவை தானாகவே இறங்கும். உயரம் சரியாக வந்தபிறகு நீல நிறத் திருகுப்பசை ஒரு துளி வைத்தால் நிற்கும். சிவப்பு வேண்டாம், அது பிறகு கழலாது.

இனி சுருதி. கம்பியை அமுக்கும்போது அது கொஞ்சம் இழுபடும், தளர்வான கம்பி அதே தூரம் அமுங்கினாலும் விகிதத்தில் அதிகமாக ஏறும். தடித்த கம்பிக்கு விறைப்பும் சேர்கிறது. இரண்டும் சேர்ந்துதான் உங்கள் 20 சென்ட். அதனால் சாடிலைப் பற்றி யோசிக்கும் முன்பு கம்பியின் உயரத்தைப் பாருங்கள். நட்டில் ஈ கம்பி தேவைக்கு மேல் உயரமாக நின்றால் முதல் மூன்று ஃபிரெட்டும் கூடுதலாகத்தான் பேசும், சாடிலை எங்கே வைத்தாலும் அது போகாது. மூன்றாவது ஃபிரெட்டில் அமுக்கிக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேலே பாருங்கள், ஒரு தாள் நுழைகிற இடைவெளி போதும்.

அளவு பார்க்கிற முறை எல்லா கிட்டாருக்கும் உள்ளதுதான்: பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கும் அதே ஃபிரெட்டில் அமுக்கி வாசிப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும், அமுக்கியது கூடுதலாக இருந்தால் சாடில் பின்னால், குறைவாக இருந்தால் முன்னால். நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் 381 மில்லிமீட்டர், மெல்லிய ஈ சாடில் 762ஐக் கொஞ்சம் தாண்டி நின்றால் நல்ல தொடக்கம், அங்கிருந்து தடித்த கம்பி நோக்கி ஒவ்வொன்றாகப் பின்னால் போக வேண்டும். தடித்த ஈ சாடிலுக்கு இடம் பற்றாமல் போவது இந்த பிரிட்ஜின் தெரிந்த குறை. அந்த ஒரு சாடிலின் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் குட்டையானது போட்டால் இன்னும் கொஞ்சம் பின்னால் போகும். அதுவும் போதவில்லை என்றால் மாற்று பிரிட்ஜ் போடலாம், அதே குழியில் உட்காருகிற மாதிரி வருகிறது, துளை போடத் தேவையில்லை. பழையதைத் துணியில் சுற்றிப் பெட்டியிலேயே வையுங்கள்.

நட்டை மட்டும் ராவாதீர்கள். 95 போட முடிவு செய்தால் புது நட் ஒன்று வெட்டிப் போட்டுக்கொள்ளலாம், பழையது எடுத்து வைக்கப்படும். ராவிய பள்ளத்தை நிரப்பினாலும் பழையபடி ஆகாது. என் பட்டறைக்கு வரும் பழைய கிட்டார்களில் பாதிக்கு இந்த ஒரு காரியத்தைத்தான் யாரோ ஏற்கெனவே செய்து வைத்திருப்பார்கள், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும்.


செந்தூல்காரன்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஐயா சொன்னபடி திருகைத் தொடாமல் பிக் வைத்து ஐந்து நாளாக வாசிக்கிறேன். கரகரப்பு பெருமளவு போய்விட்டது, எனக்கே ஆச்சரியம். ஆனால் குழுவோடு வாசிக்கும்போது டிரம் சத்தத்தில் கை தானாக பலமாகிவிடுகிறது, அப்போது பழையபடி ஆகிறது. 95 போட்டால் எவ்வளவு வித்தியாசம் இருக்கும்? அந்த ஏ முதல் ஏ வரை யோசனை பற்றியும் யாராவது சொல்லுங்களேன். எங்கள் பாடகிக்குச் சுருதி ஐந்து கட்டை, பாடகருக்கு ஒன்றரை, திறந்த கம்பி எனக்கு எதிலும் சரியாக விழுவதில்லை.


மூன்றுகட்டை:

கிள்ளானிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது டேன்எலக்ட்ரோ, ஃபெண்டர் இல்லை. ஆனால் கம்பி விஷயத்தில் இரண்டும் ஒரே குடும்பம், நான் எல்லா செட்டையும் போட்டுப் பார்த்தவன்.

95க்குப் போனால் இழுவிசை ஏறத்தாழ 28 விழுக்காடு கூடும், கம்பியின் எடை விட்டத்தின் வர்க்கத்தோடு போவதால். கைக்கு நன்றாகவே தெரியும். லா பெல்லாவின் தட்டைக் கம்பி செட் 26 முதல் 95 வரை வருகிறது, குழுவில் பேஸ் வேலையே இதில் பார்ப்பதென்றால் அதைத்தான் போடுவேன், விரல் வழுக்கும் கீச்சுச் சத்தமும் இருக்காது. ஆனால் ஒன்று, தடித்த கம்பியில் சாடில் இடப் பிரச்சினை கூடும், பட்டறைப்பையன் சொன்ன குட்டை ஸ்பிரிங் அப்போது கட்டாயம் தேவைப்படும். அதோடு டிக்-டாக் ஒலி 84இல் வருகிற மாதிரி 95இல் வராது, அந்தக் கணீர் குறையும். எனக்கு அந்தக் கணீர்தான் வேண்டும், அதனால் நான் 84ஐ விடவில்லை. இது ருசி சம்பந்தப்பட்டது, நீங்கள் எதற்கு வாசிக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

கம்பி மாற்றும்போது கவனிக்க வேண்டியது: ட்யூனிங் கட்டைக்குப் போகும் நுனி மெலிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் துளையில் நுழையாது. நறுக்கும் முன்பு கம்பியைச் செங்குத்தாக மடக்கிவிட்டு மடக்கியதற்கு அப்பால் நறுக்குங்கள், மடக்காமல் நறுக்கினால் சுற்றுக்கம்பி உள்ளே நழுவி ஒலியே செத்துப்போகும். ஒரு செட் இப்படிப் பாழானது என் கையால்தான். ட்ரெமோலோ ஸ்பிரிங்கும் புதுக் கம்பிக்கு ஏற்பத் திருகிச் சமன் செய்ய வேண்டியிருக்கும். ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும், மூன்று நான்கு சுற்று போனால்தான் நிற்கும், பொறுமையாகப் பண்ணுங்கள்.

சுருதி பார்க்கும்போது கிளிப் ட்யூனரை நம்பாதீர்கள். தடித்த ஈ 41 ஹெர்ட்ஸ், தலையில் மாட்டுகிற ட்யூனர் அங்கே தடுமாறும். பன்னிரண்டாவது ஃபிரெட் ஹார்மானிக் 82 ஹெர்ட்ஸ், அதை எழுப்பிப் பாருங்கள், வயர் போட்டு முன் பிக்கப்பில் பார்த்தால் இன்னும் தெளிவு. மெதுவாகத் தட்டி, சத்தம் அமர்ந்த பிறகு முள் எங்கே நிற்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏ முதல் ஏ வரை வைப்பது நல்ல யோசனைதான், நான் ஒரு வருடம் அப்படி வைத்திருந்தேன். ஏ டி ஜி சி ஈ ஏ. அதற்கு 84ஐ அப்படியே ஏற்றாதீர்கள், இழுவிசை முக்கால் மடங்குக்கு மேல் கூடும், பழைய கழுத்து பாவம். உங்கள் செட்டையே ஒரு கம்பி தள்ளிப் போடுங்கள். 84ஐ எடுத்துவிட்டு 72 ஏ-யாகவும் 56 டி-யாகவும் 44 ஜி-யாகவும் போகும், 34ஐ அரைச் சுரம் ஏற்றி சி, 24 ஈ, மேலே ஒரு 18 சேர்த்தால் ஏ. முதல் மூன்றும் தம் பழைய சுருதியிலேயே இருப்பதால் இறுக்கம் மாறாது. சாதாரண கிட்டார் கம்பி நீளம் எட்டாது, பாரிட்டோன் கிட்டாருக்கான நீளக் கம்பியாகக் கேளுங்கள். நட் பள்ளங்கள் கம்பிக்குப் பெரிதாக இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் ஐந்து கட்டைப் பாடகிக்காக இதைச் செய்யத் தேவையில்லை என்பது என் எண்ணம். ஈ சுருதியில் திறந்த கம்பி மூன்று கட்டை, ஐந்து கட்டை என்றால் ஜி, தடித்த கம்பியில் மூன்றாவது ஃபிரெட். அந்த ஜி-யைப் பிடித்துக்கொண்டு கூடவே திறந்த பி கம்பியைத் தட்டிப் பாருங்கள். கீழே 49 ஹெர்ட்ஸ் ஷட்ஜமம், மேலே ஒரு ஸ்தாயி தாண்டி அந்தர காந்தாரம். இவ்வளவு இடைவெளி விட்டால் ஒலி குழம்பாது, கீழ்க் கம்பிகளில் கிட்டார் மாதிரி முழு கார்டு பிடித்தால் வண்டி ஓடுகிற சத்தம்தான் வரும். நாலு கம்பி பேஸில் இந்த இரண்டு சுரத்தைச் சேர்த்துப் பிடிக்க இரண்டையுமே அமுக்க வேண்டும், இதில் மேல் சுரம் திறந்த கம்பியிலேயே இருக்கிறது. மெலடிப் பாட்டுக்கு சரணத்தின் முன்னிசையில் இதை மட்டும் வைத்து வாசித்தேன், கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

என் டேன்எலக்ட்ரோவுக்குச் சாடிலே ஆறு கம்பிக்கும் சேர்த்து ஒரே மரத்துண்டு, தனித்தனியாக நகர்த்த வழியில்லை. கழுத்துக்குள் இரும்புச் சட்டம் உண்டு, திருக முடியாது. முன்னும் பின்னும் மேசனைட் அட்டை. நம் ஊர் ஈரத்தில் அது உப்பிவிடக் கூடாது என்று பெட்டியில் சிலிக்கா ஜெல் பை போட்டு வைத்திருக்கிறேன். உங்களுடையது முழு மரம், அந்தப் பயம் குறைவு, ஆனாலும் குளிர்சாதன அறையிலிருந்து எடுத்து நேரே திறந்தவெளி மேடைக்குக் கொண்டுபோனால் கழுத்து அசையும். அரைமணி முன்னால் மேடையில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு அப்புறம் சுருதி பாருங்கள்.


தீவுத்தந்தி:

மூன்றுகட்டை சொன்ன அந்த ஜி-பி விஷயம் முக்கியமானது தம்பி, நானும் சொல்ல நினைத்து விட்டுவிட்டேன். இன்னொன்று, இதைச் சின்ன கிட்டார் ஆம்பில் போட்டு ஓங்கி வாசிக்காதீர்கள், ஸ்பீக்கர் தாங்காது. பேஸ் ஆம்பில் போடுங்கள், உச்ச ஒலியை மட்டும் வழக்கத்தைவிட ஏற்றுங்கள்.

பெரியப்பா எந்த பேண்டில் வாசித்தார் என்று பெரியம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பெட்டியில் ஏதாவது படமோ அட்டையோ இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.


செந்தூல்காரன்:

மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன்.

பட்டறைப்பையன் அண்ணனிடமே கொண்டுபோனேன். கழுத்தடி முத்திரையில் 1965 தெரிகிறது. பள்ளத்தில் ஏற்கெனவே ஒரு துண்டு அட்டை இருந்தது, அதை எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தார், பதிலுக்கு மரச்சீவல் வைத்தார். இரைச்சல் போய்விட்டது. நட்டில் கையே வைக்கவில்லை, 84 செட்டையே வைத்துக்கொண்டேன். சாடில் ஸ்பிரிங் மாற்றி, உயரத்தையும் குறைத்த பிறகு தடித்த ஈ பன்னிரண்டாவது ஃபிரெட்டில் 5 சென்ட் கூடுதல், மெதுவாக வாசித்தால் காதுக்குத் தெரியவில்லை.

குழுவில் இப்போது இரண்டையும் கொண்டுபோகிறேன். குத்துப்பாட்டுக்கு நாலு கம்பி பேஸ், மெலடிக்கு இது. போன சனிக்கிழமை ஒரு விருந்தில் பாடகியின் ஐந்து கட்டைப் பாட்டுக்கு அந்த ஜி-யும் பி-யும் வைத்து வாசித்தேன். அவர் பாட்டு முடிந்ததும் வந்து, கீபோர்டில் புதிதாக ஏதாவது சேர்த்தீர்களா என்று கேட்டார்.

ஐயா, பெரியம்மாவிடம் கேட்டேன். பேண்டின் பெயர் அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் பெட்டியின் உள்துணிக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தபோது பழைய பிக் ஒன்று கிடைத்தது, ஒரு முனை நன்றாகத் தேய்ந்து வட்டமாகிவிட்டது. பெரியப்பாவும் இதை விரலால் வாசிக்கவில்லை போலிருக்கிறது. அதை அங்கேயே திரும்ப வைத்துவிட்டேன்.